கேள்விப்பத்திரம் கணினிக்குப் போனபின்: ஐரோப்பிய விதிகளும் உக்ரைனின் அனுபவமும்

பாடசாலைக் கட்டடம், பாலம், வைத்தியசாலைக்கான மருந்து, படையினருக்கான உணவு. மக்கள் பணத்தில் அரசு எதை வாங்கினாலும் எதைக் கட்டினாலும் அது பொதுப் பெறுகை எனப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250,000 இற்கும் அதிகமான பொது அமைப்புகள் இவ்வாறு கொள்வனவு செய்கின்றன. இதற்குச் செலவாகும் தொகை ஒன்றியத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 14 சதவீதமாகும்.

இந்தப் பணம் யாருக்கு, என்ன விலைக்கு, எந்த அடிப்படையில் போகிறது என்பதைச் சாதாரண குடிமகன் அறிந்துகொள்ள முடியுமா? போரில் அழிந்ததை மீளக் கட்டும் நாட்டில் இந்தக் கேள்வியின் கனம் இன்னும் அதிகம். ஐரோப்பா தனது பெறுகை முறையை இலத்திரனியல் முறைக்கு மாற்றிய விதத்தையும், அந்த மாற்றம் போர் நடக்கும் உக்ரைனில் எப்படிச் சோதனைக்குள்ளானது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கடதாசி முறையின் சிக்கல்

கடதாசி முறையில் கேள்விப்பத்திர ஆவணங்களைப் பெறுவதற்கு அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டும். யார் யார் வாங்கிச் சென்றார்கள் என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அது போட்டியாளர்களின் காதுக்கும் எட்டலாம். முத்திரையிட்ட உறை உரிய நேரத்துக்கு முன் திறக்கப்பட்டதா என்பதை வெளியில் இருப்பவர் நிரூபிக்க வழியில்லை. ஒப்பந்தம் வழங்கப்பட்ட பின்னர் கோப்பு அலுமாரிக்குள் போய்விடும்.

2014 ஆம் ஆண்டின் பணிப்புரைகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2014 பெப்ரவரியில் பெறுகை தொடர்பான மூன்று பணிப்புரைகளை ஏற்றுக்கொண்டது. அவற்றில் 2014/24 இலக்கப் பணிப்புரையே அரச நிறுவனங்களின் வழமையான கொள்வனவுகளுக்கு உரியது. மாற்றம் படிப்படியாகவே கொண்டுவரப்பட்டது.

- 2016 ஏப்ரல் 18: அங்கத்துவ நாடுகள் பணிப்புரைகளைத் தமது சட்டமாக்க வேண்டிய இறுதி நாள். கேள்விப்பத்திர ஆவணங்களை இணையத்தில் இலவசமாகவும் தடையின்றியும் பெறக்கூடிய நிலை இதனோடு கட்டாயமானது.
- 2017 ஏப்ரல் 18: பல நிறுவனங்களுக்காக மொத்தமாக வாங்கும் மத்திய கொள்வனவு அமைப்புகள் விலைமனுக்களை இலத்திரனியல் வழியில் மட்டுமே பெறவேண்டும்.
- 2018 ஒக்டோபர் 18: ஏனைய எல்லாப் பொது அமைப்புகளுக்கும் அதே விதி.

போர்த்துக்கல் இவற்றுக்கெல்லாம் முன்பாக, 2009 இலேயே இலத்திரனியல் பெறுகையைக் கட்டாயமாக்கியிருந்தது.

இவ்விதிகள் எல்லாக் கொள்வனவுகளுக்கும் பொருந்துவதில்லை. குறித்த பெறுமதியைத் தாண்டியவையே இவற்றுக்குள் வரும். 2024, 2025 ஆம் ஆண்டுகளுக்குக் கட்டட வேலைகளுக்கான எல்லை 5,538,000 யூரோ. மத்திய அரச நிறுவனங்களின் பொருட்கள், சேவைகளுக்கு 143,000 யூரோ. அதற்குக் குறைந்த தொகைகளை அந்தந்த நாட்டுச் சட்டங்கள் கவனிக்கின்றன.

விதிகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

எல்லையைத் தாண்டும் அறிவித்தல்கள் யாவும் ஒன்றியத்தின் பொதுவான இணையத்தளத்தில் வெளியாகின்றன. திறந்த போட்டியில் விலைமனு சமர்ப்பிக்கக் குறைந்தது 35 நாட்கள் வழங்கப்படவேண்டும். இலத்திரனியல் வழியில் பெறும்போது இதை 30 நாட்களாகக் குறைக்கலாம். இறுதி நேரம் முடியும்வரை எந்த அதிகாரியும் விலைமனுவைத் திறந்து பார்க்க முடியாதவாறு கணினி முறைமை அமைந்திருக்கவேண்டும். ஒப்பந்தம் வழங்கப்பட்டு 30 நாட்களுக்குள் முடிவை அறிவிக்க அனுப்பவேண்டும். முடிவை இலத்திரனியல் வழியில் தெரிவித்த பின்னர் குறைந்தது 10 நாட்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடக்கூடாது. தோற்றவர் முறையிடுவதற்கான கால அவகாசம் அது.

சிறிய ஒப்பந்தகாரர்களுக்கான பாதுகாப்புகளும் உண்டு. பெரிய வேலையைப் பகுதிகளாகப் பிரிக்காவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். விண்ணப்பிப்பவரின் வருடாந்த வருமானம் ஒப்பந்த மதிப்பீட்டின் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும் என்று பொதுவாகக் கேட்க முடியாது. தொடக்கத்திலேயே கட்டுக்கட்டாகச் சான்றிதழ்கள் தேவையில்லை. பொதுவான படிவமொன்றில் சுயமாக உறுதிப்படுத்தினால் போதும். வெற்றி பெறுபவரே பின்னர் சான்றுகளைக் காட்டவேண்டும்.

உக்ரைன்: எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம்

உக்ரைன் ஒன்றியத்தின் அங்கத்துவ நாடு அல்ல. ஆனால் 2014 இல் கையொப்பமிட்ட இணைப்பு உடன்படிக்கையின்படி தனது பெறுகைச் சட்டத்தைப் படிப்படியாக ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்ப மாற்ற உடன்பட்டது. அதே ஆண்டின் மக்கள் எழுச்சிக்குப் பின்னர் தன்னார்வலர்கள் ஒன்றுசேர்ந்து 'புரோசோரோ' என்ற முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். வெளிப்படையானது என்பதே அப்பெயரின் பொருள். 2015 பெப்ரவரியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இது, 2016 ஓகஸ்ட் 1 முதல் எல்லா அரச நிறுவனங்களுக்கும் கட்டாயமானது.

மையத் தரவுத்தளம் அரசிடம் இருக்கிறது. ஒப்பந்தகாரர்கள் அதனோடு இணைந்த தனியார் தளங்களில் விரும்பிய ஒன்றின் ஊடாக நுழையலாம். விலைமனுக்கள் சேர்ந்தபின் மூன்று சுற்றுகளில் இணையவழி ஏலம் நடக்கும்; ஒவ்வொரு சுற்றிலும் விலையைக் குறைக்கலாம். ஏலத்தின்போது யார் யாருடன் போட்டியிடுகிறார் என்பது தெரியாது. முடிந்ததும் பெயர்களும் தோற்றவர்களின் விலைகளும் பொதுவில் வெளியாகும். இத்தரவுகளை வைத்து 'டொசோரோ' என்ற கண்காணிப்புத் தளத்தைச் சிவில் அமைப்புகள் 2016 இல் தொடங்கின. சந்தேகத்துக்குரிய கேள்விப்பத்திரங்களை அங்கு சுட்டிக்காட்டலாம்.

போர் வந்தபோது

2022 பெப்ரவரியில் ரஷ்யாவின் முழுமையான படையெடுப்பு தொடங்கியதும் போட்டியின்றி நேரடியாக வாங்க அனுமதிக்கப்பட்டது. குண்டு விழும் நகரில் 30 நாட்கள் விலைமனுவுக்காகக் காத்திருக்க முடியாது என்பது விளங்கக்கூடியதே. ஆனால் அவசரத்தின் பெயரால் திறக்கும் கதவு தானாக மூடுவதில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் அரசு புதிய விதிகளின் கீழ் பெரும்பாலான கொள்வனவுகளை மீண்டும் புரோசோரோவுக்குக் கொண்டுவந்தது.

பாதுகாப்பு அமைச்சின் கொள்வனவுகள் மறைவாகவே தொடர்ந்தன. 2023 ஜனவரியில் உக்ரைன் பத்திரிகையொன்று, படையினருக்கான முட்டை ஒன்று 17 ஹிரிவ்னாவுக்கு ஒப்பந்தமாகியிருப்பதாக வெளியிட்டது. கடைகளில் அப்போதைய விலை ஏறக்குறைய 7 ஹிரிவ்னா. அது எழுத்தில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு என்று அமைச்சர் விளக்கினார். ஆயினும் பிரதி அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். ஆயுதங்கள் அல்லாத பாதுகாப்புக் கொள்வனவுகளின் விலையை வெளியிடும்படி அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது.

ஆயுதம் எங்கே இருக்கிறது என்பது இரகசியமாக இருக்கலாம். முட்டையின் விலை இரகசியமாக இருக்கவேண்டியதில்லை. போர்க்காலத்தில் இந்த எல்லைக்கோட்டை வரைவதுதான் கடினமான வேலை. மீள்கட்டுமானத்துக்கென உக்ரைன் 2023 இல் தொடங்கிய 'ட்ரீம்' என்ற தளம் அந்தத் தெளிவை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்ல முயல்கிறது. ஒரு கட்டடத்தின் திட்டம், நிதி, கேள்விப்பத்திரம், வேலையின் முன்னேற்றம் யாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கச் செய்வதே அதன் நோக்கம்.

கணினி தீர்க்காதவை

கேள்விப்பத்திரம் இணையத்துக்குப் போனால் போட்டி தானாகப் பெருகும் என்ற எதிர்பார்ப்பு ஐரோப்பாவிலேயே நிறைவேறவில்லை. 2011 இலிருந்து 2021 வரையான காலத்தை ஆராய்ந்த ஐரோப்பிய கணக்காய்வாளர் மன்றம் 2023 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒரேயொரு விலைமனு மட்டும் கிடைத்த பெறுகைகளின் பங்கு 23.5 சதவீதத்திலிருந்து 41.8 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஒரு பெறுகைக்குச் சராசரியாகப் போட்டியிட்டோர் 5.7 இலிருந்து 3.2 ஆகக் குறைந்திருந்தனர்.

காரணம் விளங்காததல்ல. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பொருந்தும் வகையில் தகைமைகளை எழுதினால், அது கடதாசியில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் விளைவு ஒன்றுதான். குறைந்த விலையை மட்டுமே பார்த்தால் மலிவான சீமெந்தும் ஒழுகும் கூரையும் மிஞ்சும். ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர் விலையைக் கூட்டித் திருத்துவதையும் ஏலம் தடுக்காது. முறையிட்டவருக்கு உரிய நேரத்தில் பதில் கிடைக்காவிட்டால் வெளிப்படைத்தன்மை வெறும் காட்சியாகிவிடும்.

மக்கள் எதைக் கேட்கலாம்?

இந்த அனுபவங்களிலிருந்து எந்த ஊருக்கும் பொருந்தும் சில கேள்விகள் கிடைக்கின்றன. எத்தனை பேர் விலைமனு கொடுத்தார்கள்? தோற்றவர்களின் விலை என்ன? தகைமைகளை யார் எழுதினார்? வேலை ஏன் பகுதிகளாகப் பிரிக்கப்படவில்லை? ஒப்பந்தத் தொகைக்கும் இறுதியில் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

வீதியோரத்தில் நடப்படும் திட்டப் பெயர்ப்பலகையில் மொத்தத் தொகையும் ஒப்பந்தகாரரின் பெயரும் இருக்கலாம். மேலே உள்ள கேள்விகளுக்கான பதில் அதில் இருப்பதில்லை. அந்தப் பதிலை அலுமாரிக்குள் இருந்து எடுத்து எவரும் வாசிக்கக்கூடிய இடத்தில் வைப்பதுதான் இலத்திரனியல் பெறுகையால் கிடைக்கும் பெரிய பயன். அதை வாசித்துக் கேள்வி கேட்கும் வேலை மக்களுடையதும் ஊடகங்களுடையதும்.