கம்பம் பள்ளத்தாக்கும் மூன்று சின்னப் பறவைகளும்

கம்பம் பள்ளத்தாக்கு தேனி மாவட்டத்தில், மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே அமைந்துள்ளது. இந்தியாவின் தேசியப் பறவையான மயில், தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப் புறா, கேரளத்தின் மாநிலப் பறவையான மலை இருவாட்சி ஆகிய மூன்றும் இப்பள்ளத்தாக்கிலும் அதனை ஒட்டிய மலைக்காடுகளிலும் வாழ்கின்றன.

தேசியப் பறவைத் தேர்வு

1960 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மாநாடு, ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பறவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. பறவையியலாளர் சலீம் அலி, எண்ணிக்கையில் குறைந்துவந்த கானமயிலைப் பரிந்துரைத்தார். எனினும் நாடு முழுவதும் மக்கள் அறிந்ததும், சமயத்திலும் கலையிலும் இடம்பெற்றதுமான மயில் 1963 ஆம் ஆண்டு தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. கானமயிலை இராசத்தான் மாநிலம் 1981 ஆம் ஆண்டு தன் மாநிலப் பறவையாக ஏற்றது. எல்லோரும் அறிந்த பறவையா, காக்கப்பட வேண்டிய பறவையா என்ற கேள்வி பிற்காலத் தேர்வுகளிலும் தொடர்ந்தது.

மாநிலங்களும் எல்லைகளும்

மாநிலப் பறவைகள் அரசியல் எல்லைகளைப் பின்பற்றியே அமைகின்றன. 2014 ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசம் பிரிக்கப்பட்டபின் தெலங்காணா பனங்காடையைத் தன் சின்னமாகக் கொண்டது. ஆந்திரம் 2018 ஆம் ஆண்டு பச்சைக்கிளியைத் தேர்ந்தெடுத்தது. புதுச்சேரி 2007 ஆம் ஆண்டு குயிலை ஏற்றது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் 2023 ஆம் ஆண்டு வெண்வயிற்றுக் கடற்கழுகை மாவட்டப் பறவையாக அறிவித்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையும் அத்தகைய அரசியல் எல்லையே. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, தமிழர்கள் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் சேர்க்கப்பட்டன. அவற்றைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரிய போராட்டம் வெற்றி பெறவில்லை. இதனால் ஒரே மலைத்தொடரின் காடுகள் இரு மாநிலங்களின் ஆட்சிக்குள்ளேயே தொடர்ந்தன.

வாழிடங்கள்

மயில் சமவெளியின் வயல்களிலும் தோட்டங்களிலும் திரிகிறது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அது பயிர்களைச் சேதப்படுத்துவதாக விவசாயிகள் முறையிடுகின்றனர்.

மரகதப் புறா அடர்ந்த காட்டின் தரையில் நடந்து, விழுந்த விதைகளையும் கனிகளையும் உண்ணும். இறக்கைகள் பளபளப்பான பச்சை நிறமும் அலகு செந்நிறமும் கொண்டவை. மரக்கிளைகளில் கனி தேடும் பச்சைப்புறா வேறு இனமாகும். மரகதப் புறா காட்டை விட்டு அதிகம் வெளிவராததால், சமவெளியில் வாழும் பலர் தம் மாநிலப் பறவையை நேரில் கண்டதில்லை.

மலை இருவாட்சி உயர்ந்த மரங்களின் உச்சிகளில் வாழ்கிறது. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் பறவை சிறு இடைவெளி வழியாக உணவூட்டும். எனவே ஆண் பறவை கொல்லப்பட்டால் குஞ்சுகளும் ஆபத்துக்குள்ளாகும். அத்திக் கனிகளை உண்டு விதைகளைத் தொலைவிடங்களில் பரப்புவதால் இது காட்டைப் புதுப்பிக்கிறது. 2018 முதல் இது அழிவாய்ப்பு இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பாதுகாப்பு

மாநிலப் பறவை என்ற தகுதி தனியாகச் சட்டப் பாதுகாப்பு எதையும் தருவதில்லை. பாதுகாப்பு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் கிடைக்கிறது. மயிலும் மலை இருவாட்சியும் அதன் முதல் அட்டவணையில் உள்ளன.

2021 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டியுள்ளது. இதன்மூலம் கேரளத்தின் சின்னப் பறவை கூடு கட்டும் மரங்களில் ஒரு பகுதியைக் காக்கும் பொறுப்பு தமிழ்நாட்டிடமும், மரகதப் புறா வாழும் காடுகளில் ஒரு பகுதியைக் காக்கும் பொறுப்பு கேரளத்திடமும் உள்ளது. தேயிலைக்கும் ஏலத்துக்கும் முன்பே திருத்தப்பட்ட இம்மலைகளில், எஞ்சிய முதிர்ந்த மரங்களே இவ்விரு பறவைகளுக்கும் புகலிடமாக விளங்குகின்றன.