ஃபாக்ஸி என்ன தின்றது?

வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் மழைக்குப் பேர்போனது. மேற்கிலிருந்து வரும் கடற்காற்று மலைகளில் மோதி ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. அப்பகுதியின் ஸீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நாயுடன் அந்த ஈரத்தில் மலையேறுவது இன்று அங்கே சாதாரணப் பொழுதுபோக்கு. அப்படியொரு நடையின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

1805 ஏப்ரலில் சார்லஸ் கோஃப் என்ற இளைஞர், ஃபாக்ஸி என்னும் தம் பெண்நாயுடன் பேட்டர்டேலிலிருந்து கிராஸ்மியருக்குப் புறப்பட்டார். இடையில் நின்றது ஹெல்வெல்லின், 950 மீட்டர் உயர மலை. அதன் கிழக்குப் புறத்தில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை போன்ற பாறை முகடு, இருபுறமும் சரிவு, வடக்கே, கீழே, பனியாறு குடைந்த பள்ளத்தில் ரெட் டார்ன் என்னும் சிற்றேரி. ஏப்ரலில்கூட அங்கே பனி கிடக்கும். மேகம் இறங்கினால் பாதையும் பள்ளமும் ஒன்றாகிவிடும். கோஃப் கிராஸ்மியர் போய்ச் சேரவில்லை. தேடவும் யாரும் வரவில்லை.

ஜூலை இறுதியில் ரெட் டார்ன் அருகே நாய் குரைப்பதைக் கேட்டு ஓர் இடையர் போய்ப் பார்த்தார். எலும்புக்கூடாகிவிட்ட மனிதர், பக்கத்தில் உயிருடன் ஃபாக்ஸி. உடைமைகளில் தூண்டில் கருவிகளும் கடிகாரமும் க்ளாட் லொரெய்ன் கண்ணாடிகளும் இருந்தன. இந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். நிறம் தோய்ந்த அது இயற்கைக் காட்சியை ஓவியம்போல் மென்மையாக்கிக் காட்டும். அதில் ஆடி வகையும் உண்டு. மலைக்கு முதுகைக் காட்டி நின்றுதான் அதில் மலையைப் பார்க்க வேண்டும். அந்தத் தலைமுறைப் பயணிகள் மலையை எப்படிக் காண விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அதே ஆண்டில் வால்ட்டர் ஸ்காட், வேர்ட்ஸ்வொர்த், வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மூவரும் ஹெல்வெல்லின் ஏறினர். கவிஞர் இருவரும் தனித்தனியே இச்சம்பவத்தைப் பாடினர். ஸ்காட்டின் கவிதையில் நாய் தலைவனின் உடலைக் காக்கைகளிடமிருந்தும் நரிகளிடமிருந்தும் காக்கிறது. வேர்ட்ஸ்வொர்த்தின் ‘விசுவாசம்’ 1807இல் நூலில் வந்தது. மூன்று மாதம் அது எப்படி உயிர் பிழைத்தது என்ற கேள்வியை அவர் எழுப்பி, மனித அறிவுக்கு அப்பாற்பட்ட சக்தியிடம் விட்டுவிடுகிறார். 1829இல் லாண்ட்சீர் வரைந்த ஓவியத்தில் மனிதர் அழுகாத உடலோடு உறங்குவதுபோல் கிடக்கிறார். நாய் மார்பின்மேல் கால் வைத்து நிற்கிறது.

ஆனால் அக்காலப் பத்திரிகைச் செய்தி ஒன்று வேறு சொன்னது. நாய் ஆடைகளைக் கிழித்து, எசமானைத் தின்றே பிழைத்தது என்றது. இதை மறுத்தவர்கள், செத்த ஆடுகளைத் தின்றிருக்கலாம் என்றார்கள். மறுப்பு பொருத்தமானதே. வசந்த காலத்தில் அம்மலைகளில் மாண்ட ஆடுகளுக்கும் குட்டிகளுக்கும் குறைவில்லை, காக்கைகளுக்கும் குறைவில்லை. ஓர் உடல் மூன்று மாதத்தில் எலும்பாக நாய் தேவையில்லை. இரண்டில் எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால் தின்றிருந்தால் விசுவாசம் பொய்யாகிவிடும் என்ற அச்சம்தான் அந்த மறுப்புகளுக்குப் பின்னால் இருந்தது என்று எண்ணுகிறோம். பசி நாயுடையது, விசுவாசம் என்ற சொல் நம்முடையது. போக வழியிருந்தும் அது போகவில்லை என்பது மட்டும் இரு தரப்புக்கும் பொது.

1890இல் பாதிரியார் ரான்ஸ்லியும், உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதை எதிர்த்துப் போராடிய ஃபிரான்சிஸ் பவர் காப்பும் மலையுச்சியருகே நினைவுக்கல் நாட்டினர். வேர்ட்ஸ்வொர்த்தின் வரிகள் அதில் உண்டு. (ஸ்ட்ரைடிங் எட்ஜிலேயே வேறொரு சின்னமும் நிற்கிறது: 1858இல் நரிவேட்டை நாய்களைப் பின்தொடர்ந்து சென்று விழுந்து இறந்த ராபர்ட் டிக்சனுக்கு. அந்த நாய்களை யாரும் பாடவில்லை.)

பத்திரிகைச் செய்தியில் இன்னொரு விவரமும் இருந்தது. உடலருகே புதரில் ஃபாக்ஸி குட்டி ஈன்றிருந்தது. குட்டி செத்துக் கிடந்தது. கருவுற்ற வயிற்றோடு ஏப்ரல் ஈரத்தில் தங்கிய நாய் அது. ஸ்காட்டின் கவிதையிலும் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையிலும் அந்தக் குட்டி இல்லை.