அப்பூச்சி: பத்துல சேராத விளையாட்டு

ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனீங்கன்னா இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, நாம கிட்ட போனதும் 'பே!'ன்னு கத்தும். நாம பயந்து துள்ளணும். துள்ளினா ஒரே சிரிப்பு. அப்புறம் அதே கதவு, அதே 'பே'. குறைஞ்சது இருபது தடவை.

இதுக்குத் தமிழ்ல ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழைய பதிவு இருக்கு. பேரு 'அப்பூச்சி காட்டுதல்'. எழுதினவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார், சுமார் 9ஆம் நூற்றாண்டு. கண்ணனைக் குழந்தையாவும் தன்னை யசோதையாவும் வச்சுப் பாடின பெரியாழ்வார் திருமொழியில, வீட்டுக்குள்ள ஒரு நாள் முழுக்க நடக்கிறதெல்லாம் இருக்கு. நிலாவைக் கூப்பிடுறது, கை தட்ட வைக்கிறது (அதுதான் சப்பாணி), தத்தித் தத்தி நடக்கிறது, ஓடி வந்து கட்டிக்கிறது. தலை வாரும்போது அடம் பிடிக்காம இருக்க, சீப்போட வரச் சொல்லிக் காக்காவைக் கூப்பிடுறதுகூட உண்டு! எதுக்கும் பொம்மை வேணாம். எதிர்ல ஒரு ஆள் இருந்தா போதும்.

இதுல ரெண்டு விளையாட்டு எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஒண்ணு, புறம்புல்கல்: அம்மா வேற வேலையா இருக்கும்போது குழந்தை பின்னால வந்து முதுகைக் கட்டிக்கும். இன்னொண்ணு அப்பூச்சி. இந்தப் பாட்டுல பயமுறுத்துறது குழந்தை, பயப்படுறது பெரியவங்க. ரெண்டையுமே ஆரம்பிக்கிறது குழந்தைதான். யாரும் 'செய்'னு சொல்லல.

அப்புறம் 12ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் எழுதுறார். முழுசா கிடைச்ச பிள்ளைத்தமிழ்கள்ல அதுதான் பழசு. இந்த இலக்கிய வகைக்குப் பத்துப் பருவம்னு ஒரு கட்டமைப்பு உறுதியாகுது. அஞ்சாம் மாசம் செங்கீரை, ஒன்பதாம் மாசம் சப்பாணின்னு இலக்கணம் மாசக் கணக்கும் சொல்லுது. எங்க துறையில சொன்னா, ஸ்பெக் ஃப்ரீஸ் ஆயிடுச்சு.

அந்தப் பத்துல அப்பூச்சியும் இல்ல, புறம்புல்கலும் இல்ல.

சப்பாணி கொட்டு, முத்தம் தா, வருக, சிறுபறை முழக்கு, சிறுதேர் உருட்டு. பெரும்பாலும் பெரியவங்க கேட்கிறது, குழந்தை செய்யுறது. சிற்றில்ல மட்டும் பையன் தானா வம்புக்குப் போவான். சிறுமிகள் கட்டின மணல் வீட்டைக் காலால மிதிப்பான். ஆனா அங்கயும் பாட்டு 'மிதிக்காதே'ங்கிற கெஞ்சல்தான். பாட்டுடைத் தலைவன் அரசனா ஆனப்புறம் அவன் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறதைப் பாடினா சபையில சரிவராதுன்னு நினைச்சாங்களோ என்னவோ. இது என் ஊகம்தான்.

எங்க அக்கா போன்லயும் இப்படி ஒரு மாசக் கணக்கு இருக்கு: எந்த மாசம் எந்த ஆக்டிவிட்டி, எந்த கிட். அதைப் பார்த்து 'நான் இவனுக்கு ஒண்ணுமே செய்யலையே'ன்னு அவ புலம்பிட்டிருந்தப்போ, பையன் அவ முதுகுல தொங்கிட்டிருந்தான்.

கடைசியா ஒண்ணு. பெரியாழ்வார் துளசித் தோட்டத்துல கண்டெடுத்து வளர்த்த பொண்ணு ஆண்டாள்னு வைணவ மரபு சொல்லுது. அந்த ஆண்டாளோட நாச்சியார் திருமொழியில, எங்க மணல் வீட்டை உடைக்காதேன்னு சிறுமிகள் கண்ணன்கிட்ட கேட்கிற பாட்டு இருக்கு. அப்பா அம்மாவோட குரல்ல பாடுறார், பொண்ணு சிறுமியோட குரல்ல பாடுது. சின்ன வயசுல அந்தப் பொண்ணு ஒளிஞ்சு நின்னு அவரைப் பயமுறுத்தியிருக்குமா? ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனா அப்பூச்சிப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகம் வருது.