லேபிள் ஊருக்கு வந்த உளவாளிகள்

சிவகாசியில் உளவாளிகள் குடியேறியதற்குக் காரணம் தீப்பெட்டி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ வேண்டும். பிறகு பட்டாசு லேபிளுக்கும் காலண்டருக்கும் ஆஃப்செட் வந்தது. வண்ணப் படம் அடிக்க ஆளும் மெஷினும் ஊருக்குள்ளேயே இருக்கும்போது, சித்திரக்கதைக்கு மட்டும் சென்னையை எதிர்பார்ப்பானேன்?

1972இல் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. லண்டன் 'வேலியன்ட்' இதழில் 1962இல் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் அடாவடியாகத் திரிந்தவன், பிறகு நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்து ஒழுங்கான உளவாளி ஆனான். எனக்கென்னவோ அடாவடிக் காலத்து மாயாவியைத்தான் பிடிக்கும்.

வெடி லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்த என் அப்பா கதையைப் படிக்கவே மாட்டார். பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, "நிழலை எப்படி விட்டிருக்கான் பாரு" என்பார். பாராட்டு முழுக்க பிளாஸ்கோவுக்கு. மாயாவி கெட்டானா பிழைத்தானா என்ற கவலை அவருக்குக் கிடையாது. லாரன்ஸ், டேவிட், ஜானி நீரோ என்று முத்து காமிக்ஸில் அடுத்தடுத்து வந்த நாயகர்களும் அவர் கையில் அப்படித்தான் மாட்டினார்கள்.

1984 ஜூலையில் ஒரு வேடிக்கை. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பதின்வயது தாண்டாத பையன், சிவகாசியில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்தி'. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டோடு கடைக்கு வந்தது. மாடஸ்தி என்ற நாயகியைப் படைத்த பீட்டர் ஓ'டானல்தான் 1960இல் பாண்ட் கதையான 'டாக்டர் நோ'வை டெய்லி எக்ஸ்பிரஸ் படக்கதையாக எழுதிக் கொடுத்தவர். அந்த எக்ஸ்பிரஸே மாடஸ்தியை வேண்டாமென்று தள்ள, ஈவினிங் ஸ்டாண்டர்ட் வாங்கிக்கொண்டது. லண்டன் பேப்பர்களின் போட்டி எங்கள் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கியது. நான் இரண்டையும் வாங்கினேன்.

நினைவிழந்த உளவாளி எக்ஸ்ஐஐஐ, பெல்ஜியத்தில் தலைகாட்டியதும் அதே 1984இல்தான். அவனுடைய பதினெட்டுப் பாகங்களையும் 2010இல் லயன் 'இரத்தப் படலம்' என்று ஒரே தடிப் புத்தகமாகப் போட்டது. மவுஸைச் சொடுக்கித் துப்புத் தேடும் கம்ப்யூட்டர் விளையாட்டாக அவன் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.