பவுட்சன் மாவட்டமும் சோர்பிய மொழியும்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டை ஒட்டி அமைந்தது பவுட்சன் மாவட்டம். தெற்கே காடடர்ந்த குன்றுகள். நடுவே வளமிக்க வயல்வெளி. வடக்கே மணற்பாங்கான நிலமும் மீன் வளர்க்கும் குளங்களும். தெற்கிலிருந்து வரும் ஸ்பிரே ஆறு, கருங்கற்பாறைமேல் எழுந்த பவுட்சன் நகரின் அடியில் வளைந்து, பெர்லினை நோக்கிச் செல்கிறது. இன்றைய மாவட்ட எல்லை 2008இல்தான் வகுக்கப்பட்டது. மண்ணின் வரலாறோ ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் இம்மாவட்டத்துச் சிற்றூரே. ஆயினும் இம்மண்ணின் தனிச்சிறப்பு வேறு.

சோர்பியர் என்னும் சிலாவிய இனத்தார் ஜெர்மானியர் நடுவே இங்கு வாழ்கின்றனர். செக், போலிஷ் மொழிகளுக்கு உறவானது அவர்தம் மொழி. இடைக்காலத்தில் ஜெர்மானிய ஆட்சிக்கு உட்பட்டபின் அவர்களுக்கெனத் தனியரசு அமைந்ததில்லை. அரசின் துணையற்ற மொழி எவ்வாறு நிலைத்தது? சமயம் அதற்குக் கைகொடுத்தது. லூத்தரின் சமய வினாவிடை நூல் 1595இல் சோர்பிய மொழியில் பவுட்சனில் அச்சாயிற்று. எனினும் மொழி உறுதியாக நின்றது, 1248இல் நிறுவப்பெற்ற மரியன்ஸ்டெர்ன் கன்னியர் மடத்தைச் சூழ்ந்த கத்தோலிக்கச் சிற்றூர்களில்தான். சுற்றிலும் சீர்திருத்தச் சபையார் வாழ, இவர்கள் கொள்வினை கொடுப்பினையைத் தம்முள்ளேயே வைத்துக்கொண்டனர். சமய வேலி மொழிக்கும் வேலியாயிற்று எனலாம்.

சோர்பியர் 1912இல் ஹோயெர்ஸ்வெர்டா நகரில் தொடங்கிய டொமோவினா என்னும் பேரமைப்பை நாஜி அரசு 1937இல் முடக்கியது. போருக்குப்பின், 1948இல், சாக்சனி இயற்றிய சட்டம் சோர்பிய மொழிக்கும் பள்ளிக்கும் உரிமை வழங்கிற்று. ஆனால் அதே காலப்பகுதியில் வடபுலத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் விரிந்தன. சிற்றூர்கள் பல அழிந்தன. 1955க்குப்பின் வேலை தேடி வந்தோரால் ஹோயெர்ஸ்வெர்டாவின் மக்கள்தொகை 1980களின் தொடக்கத்தில் 70,000ஐத் தாண்டியது. வந்தோர் மொழி ஜெர்மன். கடைத்தெருவிலும் தொழிற்கூடத்திலும் அதுவே பேசப்பட்டது. தடை செய்ய முயன்றும் அழியாத மொழி, எவரும் தடுக்காமலே அங்கு ஒடுங்கலாயிற்று.

பிறகு எழுந்தது பள்ளிச் சிக்கல். மடத்தை அடுத்த குரோஸ்ட்விட்ஸ் என்னும் ஊரின் சோர்பிய நடுநிலைப்பள்ளியில், 2001இல், ஐந்தாம் வகுப்பிற்கு 20 மாணவர் சேரவில்லை. அவ்வகுப்பைத் தொடங்க மாநில அரசு இசையவில்லை. பெற்றோர் பிள்ளைகளை வேற்றூருக்கு அனுப்ப மறுத்து, அப்பள்ளியிலேயே அமர்த்திப் போராடினர். செய்தி ஜெர்மனிக்கு அப்பாலும் பரவியது, விதியோ தளரவில்லை. 2003இல் நடுநிலைப்பள்ளி மூடப்பட்டது. தொடக்கப்பள்ளி மட்டும் அவ்வூரில் தொடர்ந்து நடைபெறுகிறது.