கடல்கட்டி முதல் 14416 வரை

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பத்தின பழைய குறிப்புகளைப் புரட்டினா ஒருத்தர் திரும்பத் திரும்ப வருவார்: கடல்கட்டி. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனது என்கிறார் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ. 16ஆம் நூற்றாண்டில் பரதவர் கத்தோலிக்கரான பிறகும் வழக்கம் நிற்கவில்லை. பிரிட்டிஷ் அரசே கூலி கொடுத்தது. ஏன்னா அவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள்.

மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, பயத்தைக் கட்டியது.

நாள்பட்ட வலியிலும் பயத்துக்குப் பங்கு உண்டு. தண்டுவடத்தில் வலிச் செய்தி கூடலாம், குறையலாம், மூளையும் அதில் தலையிடும் என்றது 1965இல் மெல்சாக்கும் வாலும் வெளியிட்ட 'வாயில்' கோட்பாடு. பேச்சு சிகிச்சைக்கு இடம் கிடைப்பது இங்கேதான். அதுக்காக 'எல்லாம் மனசுதான்'னு அர்த்தமில்லை, வலி நிஜம்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961. ஆனா சங்கு குளிப்பவரும், துறைமுகத் தொழிலாளரும், உப்பளத்தில் வெயிலில் குனிந்து நிற்பவரும் இன்னும் இருக்காங்க. இடுப்பு வலியோட, ஒருநாள் கூலியை விட்டுட்டு ஆலோசகரைத் தேடிப் போறது லேசா? அங்கேதான் தொலைபேசி உதவுது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், 14416 எண்ணில், இலவசமா, நாள் முழுக்க, தமிழிலும் பேசுது. அது மனநலத்துக்கானது, வலிக்குன்னே இப்படி ஒரு குரல் வேணும்.

ஒரு வித்தியாசம் மட்டும் மறக்கக்கூடாது. கடல்கட்டி பேசியது சுறாவிடம். குளிப்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை. இங்கே வலிக்கிறவர் பேசணும், மறுமுனை காது கொடுத்துக் கேக்கணும்.