மூன்று பென்னிச் சீட்டு



நான் தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாநகர் இரயிலில் அழைத்துச் சென்றேன். மேலே ஏறியும் நிலத்துக்கடியில் இறங்கியும் சென்ற அந்தப் பயணத்தில் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஒருவன் மட்டும் சன்னலோரம் பேசாதிருந்தான். காரணம் கேட்டேன். "ஐயா, இந்தத் தூண்களுக்கு என் அப்பா கம்பி கட்டினார். அவர் இதுவரை இதில் ஏறியதில்லை. இந்த மாதிரி இரயிலை யாருக்காக ஐயா கட்டுகிறார்கள்?" என்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. வீடு திரும்பிப் பழைய நூல்களைப் புரட்டினேன். மறுவாரம் அவனுக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும். 1850-ஆம் ஆண்டையொட்டி அந்நகரில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். வெளியூர்களிலிருந்து வந்த இருப்புப்பாதைகள் பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் ஆகிய இடங்களில், நகரின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. வாணிகம் நடந்த நகர்மையமோ சில மைல்களுக்கு அப்பால் இருந்தது. இடைப்பட்ட தெருக்களில் குதிரை வண்டிகளும் சுமை வண்டிகளும் நெருக்கியடித்து நின்றன.

ஏழைத் தொழிலாளிக்கு இந்த வண்டிகளில் செல்ல வசதியில்லை. வேலைக்கு நடந்தே செல்லவேண்டும். நடந்து செல்லும் தொலைவிலேயே குடியிருக்கவும் வேண்டும். ஆகவே ஆயிரக்கணக்கான குடும்பங்கள், காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக அடைந்து கிடந்தன. காலரா முதலிய கொள்ளைநோய்கள் அங்கே கூடாரமடித்தன. ஏழைகள் அங்கே வாழ்ந்தது விருப்பத்தால் அன்று. கால்கள் நடக்கக்கூடிய தூரமே அவர்களுடைய வீட்டை முடிவு செய்தது. இதை நீங்கள் நன்கு மனத்தில் கொள்ளவேண்டும்.

இதனைக் கண்டு வருந்தியவர்களுள் ஒருவர் சார்லஸ் பியர்சன் என்பவர். 1793-ஆம் ஆண்டு பிறந்த இவர், இலண்டன் நகராண்மைக் கழகத்தின் சட்ட அலுவலராக இருந்தார். நிலத்துக்கடியில் இரயில் விடவேண்டும் என்று 1845-இல் ஒரு சிறு நூல் எழுதினார். தெரு நெரிசலைக் குறைக்கவேண்டும் என்று பலரும் பேசினர். பியர்சன் அதற்கும் மேலே ஒன்றை நினைத்தார். குறைந்த கட்டணத்தில் தொழிலாளியைக் காலையில் நகருக்குள் கொண்டுவந்து, மாலையில் நல்ல காற்றுள்ள புறநகரில் இறக்கிவிட்டால், அவன் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்பதே அவர் கொள்கை.

பலர் எள்ளி நகையாடினர். சுரங்கம் இடிந்து விழும் என்றும், புகையில் மூச்சு முட்டும் என்றும் அஞ்சினர். பாராளுமன்றம் 1854-இல் அனுமதி அளித்தும், கிரிமியப் போர்க்காலமாதலால் மூலதனம் சேரவில்லை. பியர்சன் ஓயவில்லை. அவர் முயற்சியால் நகராண்மைக் கழகம் 2 இலட்சம் பவுண்டுக்குப் பங்குகள் வாங்க முன்வந்தது. 1860-இல் வேலை தொடங்கியது. பொறியாளர் ஜான் ஃபவுலர் கையாண்டது வெட்டி மூடும் முறை. தெருவை ஆழமாகத் தோண்டுவார்கள். இருபுறமும் சுவர் எழுப்புவார்கள். செங்கல் வளைவு கட்டி, மீண்டும் மண்ணிட்டு மூடித் தெருவாக்குவார்கள். 1862 ஜூன் மாதம் ஃபிளீட் என்னும் பெருஞ்சாக்கடை உடைத்துக்கொண்டு சுரங்கத்துள் பாய்ந்தது. அதையும் சமாளித்து வேலையைத் தொடர்ந்தனர்.

ஆனால் பியர்சன் அந்த இரயிலில் ஏறவில்லை. 1862 செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் காலமானார். பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது 1863 ஜனவரி 10-ஆம் நாள். இடையில் நான்கு மாதங்கள்கூட இல்லை!

பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் தெரு வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர், 7 நிலையங்கள். உலகின் முதல் நிலத்தடி இரயில் இதுவே. நீராவி எஞ்சின் இழுத்தது. பெட்டிகளில் வாயு விளக்குகள் எரிந்தன. அந்தத் தூரத்தைக் கடக்க அட்டவணையில் 18 நிமிடம் குறித்திருந்தனர். பகலில் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. காலை நெரிசல் வேளையில் 10 நிமிடத்துக்கு ஒன்று. முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் பயணம் செய்தனர். முதல் ஆண்டில் இத்தொகை 95 இலட்சமாயிற்று. எள்ளியவர்களும் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருப்பார்கள்!

இனிக் கட்டணத்துக்கு வருவோம். முதல் வகுப்பு 6 பென்னி, இரண்டாம் வகுப்பு 4 பென்னி, மூன்றாம் வகுப்பு 3 பென்னி. அக்காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வாரத்துக்கு 20 ஷில்லிங் கூலி பெறும் ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். போக 3 பென்னி, வர 3 பென்னி. ஆறு நாளைக்கு 36 பென்னி, அதாவது 3 ஷில்லிங். கூலியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இரயிலுக்கே போய்விடும். பிறகு அவன் எப்படிப் புறநகரில் வீடு பார்ப்பான்?

இதற்கு விடையாக 1864 மே மாதம் ஓர் ஏற்பாடு வந்தது. பாடிங்டனிலிருந்து விடியற்காலை 5.30-க்கும் 5.40-க்கும் புறப்படும் வண்டிகளில், போய்வர இரண்டுக்கும் சேர்த்து 3 பென்னி. வாரச் செலவு 3 ஷில்லிங்கிலிருந்து ஒன்றரை ஷில்லிங்காகப் பாதியாயிற்று. பியர்சனின் கனவு அந்த இருண்ட விடியற்பொழுதில்தான் முதன்முதலாக ஏழையின் கைக்குச் சீட்டாக வந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகன்று. பாதைக்காக ஏழைகளின் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. நிலத்துக்கு உரியவர்கள் பணம் பெற்றனர். வார வாடகைக்கு இருந்தவர்களோ வெறுங்கையுடன் வெளியேறி, பக்கத்துச் சந்துகளில் முன்னிலும் நெருக்கமாகக் குடிபுகுந்தனர். மலிவுச் சீட்டுக்காக விடியுமுன் வந்து இறங்கியவர்களுள், வேலை தொடங்க நேரமிருந்தவர்கள் குளிரில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரயில் வந்தவுடனே ஏழையின் துயர் தீர்ந்துவிடவில்லை.

அதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1883-இல் பாராளுமன்றம் மலிவு இரயில்கள் சட்டத்தை இயற்றியது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தின்மீது இருந்த வரி நீங்கியது. மாலை 6 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையில், தொழிலாளருக்குத் தேவையான மலிவு வண்டிகளை விடுமாறு கம்பெனிகளை வற்புறுத்த அரசுக்கு அதிகாரம் பிறந்தது. 1890-இல் மின்சாரத்தால் ஓடும் ஆழ்சுரங்க இரயில் ஒன்று இலண்டனில் தொடங்கியது. அதில் முதல் வகுப்பும் இல்லை, மூன்றாம் வகுப்பும் இல்லை. எவ்வளவு தூரம் சென்றாலும் யாவருக்கும் 2 பென்னி!

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு மின்சார இரயிலில் மாதச் சீட்டுடன் சென்றுவந்தேன். என் தந்தையாரின் சிறு வருவாயில் விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லை. அந்த மலிவான அட்டைத் துண்டு இல்லையேல் நான் ஆசிரியன் ஆகியிருக்க முடியாது. அதைப் பையில் வைத்திருந்த நாட்களில் இந்த வரலாறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு அந்த மாணவன், "அப்படியானால் பியர்சன் நினைத்தது நடந்ததா, இல்லையா ஐயா?" என்றான். "சுரங்கம் கட்ட 3 ஆண்டு ஆயிற்று. சீட்டின் விலையைச் சரிசெய்ய அதைவிட நெடுங்காலம் ஆயிற்று. முன்னது பொறியாளர் வேலை; பின்னது சட்டம் இயற்றுவோரும் அவர்களைக் கேள்வி கேட்போரும் செய்யவேண்டிய வேலை. நீ இப்போது கேட்ட கேள்வியும் அதில் சேர்ந்ததுதான்" என்றேன்.

அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நான் அழைத்துப் போகிறேன் ஐயா. அவர் கட்டிய தூணை மேலேயிருந்து பார்க்கட்டும்" என்றான்.